ஐம்பது கிலோ எங்கே போய்விடும்?

மாணவர் பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்து ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னபோது, "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே கட்டு கட்டாக வந்து கிடக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கவிதை வராது. கதையும் வராது. ஆனால் ஒரு பேட்டரியைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அதுவும் நன்றாகக் கட்டிய பேட்டரி அல்ல, நான் ஒழுங்காகக் கட்டாமல் விட்ட பேட்டரி. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாளைக்கு நாமெல்லாம் ஏதாவது ஒரு இடத்தில் ஸ்பேனர் பிடிக்கப் போகிறவர்கள்தானே, ஒருத்தருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. பழைய துறைமுகப் பக்கம் போனால் மரத்தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். சர்க்கார் பதிவில் இதற்கு 'இயந்திரம் பொருத்திய பாய்மரக் கலம்' என்று பெயர். பாய்மரமும் உண்டு, டீசல் இன்ஜினும் உண்டு. காய்கறி, வெங்காயம், கட்டடச் சாமான் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய் வரும். 1906-ஆம் ஆண்டு வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தது இந்த ஊரில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பல்கள் இன்று இல்லை. தோணிகள் எண்ணிக்கையில் குறைந்துவிட்டாலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

என் அப்பா பதின்மூன்று வயதில் தோணி ஏறியவர். முதலில் சமையலுக்குக் கையாள், அப்புறம் கலாசி, இப்போது இன்ஜின் டிரைவருக்குத் துணை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருட்டில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த நாசிலில் கோளாறு என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "எம் மவன் கரண்டு படிக்கான்" என்று அப்பா துறைமுகத்தில் சொல்லாத ஆள் கிடையாது.

அதனால்தான் சென்ற நவம்பரில், செமஸ்டர் தேர்வு முடிந்து நான் வீட்டில் இருந்தபோது, டிரைவர் மாமா சொல்லிவிட்டார்: "புது பேட்டரி ரெண்டு வந்து கிடக்கு. உம் மவனைக் கூட்டிட்டு வா. படிச்ச பிள்ளை கையாலயே மாட்டட்டும்."

நான் செய்த வேலை

இன்ஜின் அறை தோணியின் பின்பக்கம் இருந்தது. டீசல் வாசனையும் பழைய கயிற்று வாசனையும் கலந்து அடிக்கும். அங்கே ஒரு மரத்தட்டில் பழைய பேட்டரிகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் 12 வோல்ட். இரண்டையும் தொடராக இணைத்தால் 24 வோல்ட். இன்ஜின் ஸ்டார்ட் செய்ய, விளக்கு எரிய, ஜி.பி.எஸ். பார்க்க, வயர்லெஸ் பேச எல்லாவற்றுக்கும் இதுதான் ஆதாரம்.

பழையவை 150 ஆம்பியர்-மணி. முதலாளி பெரிய மனசு பண்ணி 180 ஆம்பியர்-மணி வாங்கி அனுப்பியிருந்தார். நல்ல விஷயம்தான். ஆனால் திறன் கூடினால் உருவமும் கூடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. புதியது நான்கு விரல் அகலம் அதிகம். பழைய தட்டின் விளிம்புச் சட்டத்துக்குள் உட்காரவே இல்லை. போதாக்குறைக்குப் பிளஸ் முனையும் மைனஸ் முனையும் பழையதற்கு நேரெதிர்ப் பக்கம் இருந்தன. கேபிள் எட்டியும் எட்டாமலும் இழுத்துக்கொண்டு நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விளிம்புச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டேன். பேட்டரியைத் தட்டின் மேல் வைத்தேன். ஒரு பக்கம் மரத்துண்டு ஒன்றை ஆப்பாக அடித்து இறுக்கினேன். அங்கே கிடந்த நைலான் கயிற்றை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அப்புறம் என் வித்தையைக் காட்ட ஆரம்பித்தேன். ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வொரு அறையிலும் அமிலத்தின் ஒப்படர்த்தி பார்த்தேன். மல்டிமீட்டரை வைத்து வோல்ட் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். டிரைவர் மாமா சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் உறுமியது. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

அப்பா மட்டும் குனிந்து அந்தக் கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"ஏலே, இது போதுமா?"

"அம்பது கிலோவுக்கு மேல இருக்குப்பா. அது எங்க போயிரப் போவுது?"

அப்பா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீ சொன்னா சரிதான்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் கடலில் கிடந்த மனிதருக்கு அந்தக் கட்டு போதாது என்று கை சொல்லியிருக்கிறது. ஆனால் படித்த பிள்ளை சொல்கிறான் என்று கையை நம்பாமல் என்னை நம்பினார்.

அந்த இரவு

தோணி போய் இரண்டாம் நாள் இரவு. கன்னியாகுமரியைச் சுற்றிக் கடந்து தென்மேற்கே திரும்பியாயிற்று. வாடைக்காற்று பின்னாலிருந்து அடிக்கிறது. பின்காற்றில் தோணி வேகமாக ஓடும், ஆனால் தொட்டில் மாதிரி இடமும் வலமுமாக உருளும். அன்று கடலும் தூக்கலாக இருந்திருக்கிறது. நடந்ததையெல்லாம் அப்பா திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நடுச்சாமம் இருக்கும். இன்ஜின் அறையில் அப்பாவும் டிரைவர் மாமாவும். ஒரு பெரிய உருட்டில் ஆப்பு தெறித்து விழுந்தது. அடுத்த உருட்டில் கயிறு அறுந்தது. பேட்டரி தட்டை விட்டு வழுக்கி இறங்கி, அதன் பிளஸ் முனை இன்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. இன்ஜின் உடம்பு முழுக்க மைனஸ். நீல வெளிச்சம் 'பளீர்' என்று அடித்து, கேபிளின் மேலுறை கருகிப் புகை கிளம்பியது. டீசல் குழாய் அங்கிருந்து ஒரு முழம்கூட இல்லை.

டிரைவர் மாமா உடனே இன்ஜினை நிறுத்தினார். தோணி மறுபக்கம் உருண்டபோது பேட்டரி விலகியது. அது திரும்பவும் வந்து மோதுவதற்குள் அப்பா குறுக்கே உட்கார்ந்து இரண்டு முழங்காலாலும் இடது கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஐம்பது கிலோவுக்கு மேல் கனமான ஒரு பொருள், உருளுகிற தோணியில், மூடி தெறித்த ஓட்டைகள் வழியாக அமிலத்தைக் கக்கிக்கொண்டு! மாமா மைனஸ் கேபிளைக் கழற்றி முடிக்கும் வரை அப்பா பிடியை விடவில்லை. பிறகுதான் குடிதண்ணீர் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு கையில் ஊற்றியிருக்கிறார்கள்.

ஒரு பேட்டரியின் ஓடு கீறிவிட்டது. மிஞ்சியது ஒன்று, வெறும் 12 வோல்ட். 24 வோல்ட் ஸ்டார்ட்டரை அது அசைக்காது. டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இல்லாமலே ஓடும். ஆனால் ஒருமுறை நிறுத்திவிட்டால் திரும்ப எழுப்ப பேட்டரி வேண்டும். நிறுத்தாமலும் இருக்க முடியாது, புகையும் டீசலும் சேர்ந்தால் மரத்தோணிக்கு அப்புறம் கதையே இல்லை.

தண்டல் மேலே இருந்து கேட்டாராம், "என்னலே, இன்ஜின் எந்திரிக்குமா?" "எந்திரிக்காது" என்று மாமா சொன்னதும், பாயை ஏற்றச் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் பாய் துணைக்குத்தான். டீசல் மிச்சம் பண்ணப் பின்காற்றில் விரிப்பார்கள். அன்று அதுதான் காப்பாற்றியது. மிஞ்சிய 12 வோல்ட்டில் ஜி.பி.எஸ்.ஸையும் வயர்லெஸ்ஸையும் மட்டும் ஓட்டிக்கொண்டு, விளக்கைக்கூடச் சிக்கனமாக எரித்து, காற்றின் போக்கிலே மாலே அருகே போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து வேறொரு படகு கயிறு கட்டி உள்ளே இழுத்துப் போனது.

காற்று மட்டும் எதிர்க்காற்றாக இருந்திருந்தால்? நான் அதை யோசிக்கவே விரும்பவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு வழக்கமாக வரும் நாளில் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா பனிமய மாதா கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். எனக்குள் மட்டும் ஒரு கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவின் குரல் கேட்டது: "ஒண்ணுமில்ல, கொஞ்சம் லேட்டாயிட்டு."

டிசம்பரில் அப்பா வீடு திரும்பினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து இளஞ்சிவப்பாக ஆறிக்கொண்டிருந்தது. திட்டவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு முழக் கயிற்றை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் கட்டிய அதே நைலான் கயிறு. "இது ஏன் அறுந்துதுன்னு உங்க காலேஜ்ல கேட்டுட்டு வா" என்றார்.

கணக்கில் நான் விட்டது

அந்தக் கயிற்றை எங்கள் மின் ஆய்வகத்தில் இருக்கும் அண்ணாச்சியிடம் காட்டினேன். நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பட்டம் இல்லாதவர், ஆனால் பட்டம் வாங்கியவர்களுக்கே பாடம் சொல்லக்கூடியவர். முழுக் கதையையும் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கட்டி முடிச்சிட்டு எத்தனை கிலோ இழுத்துப் பாத்தே?"

பதில் இல்லை. வோல்ட் பார்த்தேன், ஒப்படர்த்தி பார்த்தேன், இழுத்துப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி முதலாமாண்டு இயற்பியல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சாய்தளமும் உராய்வும் அதில் இருந்தது. ஒரு பொருள் சாய்தளத்தில் எப்போது வழுக்கும்? சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு, உராய்வுக் கெழுவைத் தாண்டும்போது. பேட்டரியின் பிளாஸ்டிக் அடிப்பாகத்துக்கும் ஈர மரத்துக்கும் உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். கோணம் ஏறத்தாழ 17 பாகை! தோணி பதினேழு பாகை சாய்ந்தாலே பேட்டரி வழுக்கத் தொடங்கும். இதில் எடை எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் எடை அடிபட்டுப் போகிறது. ஐந்து கிலோ பேட்டரியும் ஐம்பது கிலோ பேட்டரியும் ஒரே கோணத்தில்தான் வழுக்கும். வித்தியாசம் என்னவென்றால், ஐம்பது கிலோ வந்து மோதினால் எலும்பு முறியும்.

இந்தக் கணக்கைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். தோணியில் நின்று "அம்பது கிலோ எங்க போயிரும்" என்று சொன்னவனும் நான்தான்.

கயிறு விஷயத்துக்கும் விடை கிடைத்தது. தட்டின் கூரான விளிம்பில் உரசி உரசிப் பாதி தேய்ந்திருந்தது. மீதியை அமிலம் பார்த்துக்கொண்டது. நைலானுக்கு கந்தக அமிலம் ஆகாது, இழை இழையாகப் பலம் போய்விடும். அதே இடத்தில் பாலியெஸ்டர் பட்டையோ பாலிபுரொப்பிலீன் கயிறோ இருந்திருந்தால் அமிலத்தைத் தாங்கும். நாம் பார்வைக்கு எல்லாவற்றையும் 'நைலான் கயிறு' என்று சொல்லிவிடுகிறோம்.

படகுகளில் பேட்டரி கட்டுவதற்கு விதி ஏதும் உண்டா என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பெட்ரோல் இன்ஜின் வைத்த படகுகளுக்கு ஒரு விதி இருக்கிறது: பேட்டரியின் எடையைப் போல் இரண்டு மடங்கு, அல்லது 90 பவுண்டு, இந்த இரண்டில் எது குறைவோ அந்த விசையில் எந்தத் திசையில் இழுத்தாலும் பேட்டரி ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. எவ்வளவு எளிமையான விதி பாருங்கள். எப்படிக் கட்டினாய் என்று கேட்கவில்லை. இழுத்தால் நகருமா என்று மட்டும் கேட்கிறது. அண்ணாச்சி கேட்டதும் இதைத்தான்!

மறுபடியும் கட்டினோம்

தோணி அடுத்த சரக்குக்காகக் காத்திருந்த நாட்களில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் டிரைவர் மாமாவும் தோணி வேலை செய்யும் ஓடாவி ஒருவரும் சேர்ந்து வேலையைத் திருப்பிச் செய்தோம். இந்த முறை நான் அதிகம் பேசவில்லை.

முதலில் இடம். பழைய தட்டு இன்ஜினுக்கும் டீசல் குழாய்க்கும் மிக அருகில் இருந்தது. கொஞ்சம் தள்ளி, தாழ்வான இடத்தில், ஆனால் அடியில் தேங்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில் புது இடம் பார்த்தோம். கடல் தண்ணீர் பேட்டரிக்குள் போனால் உப்பிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் இதைப் பெரிய ஆபத்தாகக் கருதினார்கள் என்று படித்திருக்கிறேன். மூடிய இன்ஜின் அறையில் நமக்கும் அதே ஆபத்துதான்.

இரண்டாவது தட்டு. புது பேட்டரியைக் கையில் வைத்து அளந்து, அதற்கென்றே ஓடாவி கனத்த பலகையில் பெட்டி செய்தார். ஆணி அடிக்கவில்லை, தோணியின் விலாக்கட்டையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினார். "பலகையில அடிச்சா பலகையோட வரும், விலாவுல முடுக்குனா தோணியோடதான் வரும்" என்றார். பெட்டியின் உள்பக்கம் முழுக்க பைபர் பூசினோம், அமிலம் சிந்தினாலும் மரத்துக்குள் இறங்காமல் அதிலேயே நிற்கும்படி. பேட்டரிக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் கெட்டி ரப்பர் துண்டுகள். பக்கவாட்டில் அசையாது, காற்றோட்டத்துக்கும் சந்து இருக்கும்.

மூன்றாவது மேல்பிடி. பெட்டி பக்கவாட்டில்தான் காக்கும். தோணி ஒரு அலையிலிருந்து இறங்கும்போது பேட்டரி மேலே துள்ளும். அதற்காக ஒவ்வொரு பேட்டரிக்கும் மேலே ஒரு இரும்புப் பட்டை, இரண்டு முனையிலும் நீள போல்ட், நட்டின் மேல் இன்னொரு பூட்டு நட்டு. பட்டைக்கு மேல் ரப்பர் ஹோஸை நீளவாக்கில் கிழித்து மாட்டினோம். இரும்பு நேரடியாக முனையில் பட்டால், நாம் போட்ட பட்டையே நமக்கு எமன். இது போக, பாலியெஸ்டர் பட்டை ஒன்று குறுக்கே. ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும்.

நான்காவது கேபிள். முனைகளின் பக்கம் மாறியிருந்ததால் சரியான நீளத்தில் புதுக் கேபிள் வாங்கினோம். இழுபடாமல் சிறு தொய்வு விட்டு, சாண் ஒன்றுக்கு ஒரு கிளிப் போட்டுச் சுவரில் பிடித்தோம். பிளஸ் முனைகளுக்கு ரப்பர் தொப்பி. விளக்குக்கும் கருவிகளுக்கும் போகும் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ். தூரத்தில் வைத்தால் பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள கம்பியைக் காக்க யாரும் இல்லை. இந்த அளவு பேட்டரி முனைகளை ஒரு ஸ்பேனர் இணைத்துவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும்.

ஐந்தாவது காற்று. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். காற்றைவிட லேசானது, மேலே போய்த் தங்கும். ஆகவே பெட்டி மூடியின் உச்சியில் ஓட்டைகள் போட்டு, அறையின் காற்றுப் போக்கியைச் சுத்தம் செய்தோம். அங்கே பீடி பற்றவைக்கக் கூடாது என்று சொன்னதற்குத்தான் டிரைவர் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இது நம் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கிறது. ஏன் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. மைனஸ் கழன்றுவிட்டால், பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் தவறி இன்ஜினில் பட்டாலும் சுற்று முழுமை அடையாது, பொறி வராது.

கீறிய பேட்டரியோடு ஜோடியாக இருந்த நல்ல பேட்டரியை அப்படியே வைத்து, ஒன்று மட்டும் புதிது போடலாமா என்று முதலாளி கேட்டார். கூடாது என்று சொன்னோம். அது கடைசி வரை இறங்கி அடிபட்டது. தொடரில் ஒன்று பலவீனமாக இருந்தால் நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும். இரண்டும் ஒரே வகை, ஒரே வயது என்று வாங்கினோம். பழையவற்றைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. காயத்தைக் கடலில் கொட்டவோ, தெருவில் உடைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை.

கடைசியாகத்தான் பரீட்சை. மீன் ஏலக்கூடத்திலிருந்து ஒரு தொங்கு தராசு இரவல் வாங்கி வந்தேன். 200 கிலோ வரை காட்டும். அதன் ஒரு கொக்கியைப் பேட்டரியில் சுற்றிய பட்டையில் மாட்டி, மறு கொக்கியில் கயிறு கட்டி, கப்பி வழியாக டிரைவர் மாமா இழுத்தார். அமெரிக்க விதிக்கு 90 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 கிலோ போதும். எங்கள் கடலுக்கு அது போதாது என்று அப்பா சொல்லிவிட்டார். எடை 55 கிலோ, அதற்கு இரண்டு மடங்கு 110 கிலோ என்று வைத்தோம். முள் 110-ஐத் தொட்டது. நான் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர். இடம், வலம், முன், பின், மேல் என்று ஐந்து திசையிலும் இழுத்தோம்.

எல்லாம் முடிந்த பிறகு அப்பா குனிந்து, தன் ஆறிய கையால் பட்டையைச் சுண்டிப் பார்த்தார். போன தடவை சுண்டிய அதே மாதிரி. இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை.

நம் எல்லோருக்கும்

நண்பர்களே, நம்மில் எல்லோரும் தோணி ஏறப் போவதில்லை. ஆனால் பேட்டரி இல்லாத வீடு இன்று ஏது? பலர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா தரையில் உட்கார்ந்திருக்கிறது. மேலே மூடி கிடையாது, பக்கத்திலேயே இரும்பு அலமாரி. ஆட்டோவில், டிராக்டரில், டவுன் பஸ்ஸில் பேட்டரியைப் பழைய சைக்கிள் டியூபால் கட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். 1859-இல் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த நாள் முதல் ஈய-அமிலப் பேட்டரி எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் உள்ளே அதே கந்தக அமிலம், அதே கனம். அமிலம் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவ வேண்டும். இதை வீட்டில் அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

நாம் படிக்கும்போது வோல்ட், ஆம்பியர், ஓம் என்று மீட்டர் காட்டுவதை மட்டுமே மின்னியல் என்று நினைத்துக்கொள்கிறோம். கட்டுவதையும் முடுக்குவதையும் "அது பிட்டர் வேலை" என்று ஒதுக்கிவிடுகிறோம். அன்று என் மீட்டர் காட்டியதில் ஒரு தப்பும் இல்லை. வோல்ட் சரி, ஒப்படர்த்தி சரி. ஆனாலும் என் அப்பா கை வெந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நாம் ஒன்று சொன்னால் வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். "நீ சொன்னா சரிதான்" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போது பெருமையாக இருக்கும். எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. அவர்கள் ஒன்றைச் சுண்டிப் பார்த்துச் சந்தேகப்பட்டால், நாமும் ஒருதரம் சுண்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம்.

பேட்டரிப் பெட்டிக்கு மேலே இப்போது ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம். எதை முதலில் கழற்றுவது, எந்த நட்டை வாரத்துக்கு ஒருமுறை முடுக்கிப் பார்ப்பது என்று எல்லாம் அதில் உண்டு. எழுத்தே கிடையாது, எல்லாம் படம். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் அப்படி வரைந்தேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு அப்பா அந்தப் படத்தில் விரல் வைத்து வரிசையாகச் சொல்லிக்கொடுத்ததை டிரைவர் மாமா சொல்லிச் சிரித்தார். "உங்கப்பன் வாத்தியாராயிட்டாம்லே!"

ஜனவரியில் தோணி மறுபடி மாலே போனது. அந்தப் பயணத்திலும் காற்று பலமாகத்தான் இருந்ததாம். நான்காம் நாள் காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் நலமா என்றுகூடக் கேட்கவில்லை அப்பா.

"ஏலே, அசையல" என்றார்.

— மூன்றாமாண்டு, மின்னியல் பிரிவு